பெல்ட் மாற்றியும் வழுக்குதா? தேய்ந்த புல்லி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் பெல்ட்டில் ஓடும் பழைய மெஷின்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. மாவு மில், ரைஸ் ஹல்லர், மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் மெஷின், கரும்பு கிரஷர், முதுநகர்ப் பக்கம் ஐஸ் பிளான்ட் கம்ப்ரசர் என்று பட்டியல் நீளும். அவற்றை ஓட்டுபவர்களும் லேத் பட்டறைக்குப் புல்லியை, அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சக்கரத்தை, தூக்கி வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இங்கே இருக்கின்றன, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே உதாரணம்தான்: நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார், மோட்டாரில் 125 மி.மீ. புல்லி, மில்லில் 400 மி.மீ. புல்லி, இரண்டுக்கும் பி அளவு வி பெல்ட் (பக்கங்கள் சரிந்த பெல்ட்).

"மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட் போகுது. தேஞ்சது பெல்ட்டா புல்லியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

புதுப் பெல்ட்டைப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல புல்லியில் பெல்ட்டின் முதுகு புல்லியின் வெளி விளிம்புக்குச் சமமாக, அல்லது சற்று மேலே நிற்கும். புதுப் பெல்ட்டே உள்ளே இறங்கி உட்கார்ந்தால் தேய்ந்தது புல்லி. அடுத்து பள்ளத்தின் அடியைப் பாருங்கள். வி பெல்ட் இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், அடியில் படவே கூடாது. அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புல்லியில் எந்தக் கம்பெனி பெல்ட் போட்டாலும் நிற்காது.

அளக்க வேண்டுமானால் 1 மி.மீ. தகட்டில் பள்ளத்தின் சரியான கோணத்துக்கு ஒரு அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். பி பெல்ட்டுக்கு, 190 மி.மீ. வரையுள்ள புல்லிக்கு 34 டிகிரி, அதற்கு மேல் 38 டிகிரி. அச்சைப் பள்ளத்தில் இறக்கிப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால், சுவர் குழிந்திருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். ஒரு பக்கச் சுவரில் குழிவு 0.8 மி.மீ. தாண்டினால் அந்தப் பள்ளம் முடிந்தது. கை ஹேக்ஸா பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.65 மி.மீ. இருக்கும். அது இடைவெளியில் தாராளமாக நுழைந்தால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள்.

"பெல்ட்டுல ஏ, பி, சி-ன்னு போட்டிருக்கு. கடையில பி இல்லன்னா ஏ போட்டா என்ன?"

எழுத்து பெல்ட்டின் குறுக்களவைச் சொல்கிறது. மேல் அகலமும் உயரமும் ஏ-க்கு 13, 8 மி.மீ.; பி-க்கு 17, 11; சி-க்கு 22, 14. எண் என்பது உள்சுற்று நீளம், அங்குலத்தில். பி 62 என்றால் உள்சுற்று 62 அங்குலம். பி பள்ளத்தில் ஏ பெல்ட் போட்டால் அது நேரே கீழே இறங்கிவிடும், முன்பு சொன்ன அடி மின்னும் கதைதான். தேய்ந்த பள்ளத்தில் ஒரு சைஸ் பெரிய பெல்ட்டைத் திணிப்பதும் நடக்கிறது. அது விளிம்பைத் தின்று மீதியிருக்கும் புல்லியையும் கெடுக்கும்.

"ரப்பர் எப்படிங்க இரும்பைத் தேய்க்கும்?"

ரப்பர் தனியாகத் தேய்ப்பதில்லை. பெல்ட் லூசாக இருந்து வழுக்கும்போது நடுவில் மாட்டும் தூசிதான் அரைக்கிறது: மில்லில் தவிட்டு மண், மல்லாட்டை மெஷினில் தோலோடு வரும் செம்மண், கிரஷரில் கரும்புச் சக்கைத் தூள். கடலோரத்தில் இன்னொன்றும் சேரும். உப்புக் காற்றில் நிறுத்தி வைத்த புல்லியின் பள்ளம் ஒரே இரவில் செந்துரு பிடிக்கும். காலையில் மெஷினைப் போட்டதும் பெல்ட் அந்தத் துருவைச் சுரண்டி எடுத்து, அதையே அரைப்புப் பொடியாக வைத்துக்கொண்டு சுவரைத் தேய்க்கும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் இருக்கிற புல்லி கடலை விட்டுத் தள்ளி இருப்பதைவிடச் சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம்.

மோட்டார் புல்லி எப்போதும் முதலில் போகும். நம் உதாரணத்தில் மில் புல்லி ஒரு சுற்று சுற்றும்போது மோட்டார் புல்லி 3.2 சுற்று சுற்றுகிறது. பெல்ட் அதைப் பிடித்திருக்கும் வளைவும் குறைவு.

"இன்னும் கொஞ்சம் டைட் பண்ணா ஓடிடுமே?"

ஓடும், கொஞ்ச நாள். பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டால் பக்கச் சுவரில் கவ்வும் பிடி போய்விடுகிறது. அதை ஈடுகட்ட இழுத்துக் கட்டும் பாரம் முழுதும் மோட்டாரின் முன் பேரிங் மேலும் மில் ஷாஃப்ட் மேலும் விழும். 500 ரூபாய் பெல்ட்டைக் காப்பாற்றப் போய் மோட்டாரைப் பிரிக்க வேண்டிவரும்.

"புல்லி கழட்டவே வரல. சுத்தியால தட்டலாமா?"

விளிம்பிலும் ஆரக்காலிலும் தட்டவே கூடாது. பழைய புல்லி பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. வளையாது, நேரே உடையும். முதலில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு புல்லியை ஷாஃப்ட்டோடு இறுக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். கழற்றிய ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ போட்டிருப்பது பழைய மெஷின்களில் சகஜம். தலையுள்ள ஆப்புக் கீ (புல்லியையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் இரும்புத் துண்டு) இருந்தால், தலைக்கும் புல்லிக்கும் நடுவில் சரிவான உளியை அடித்து இறக்கினால் கீ வெளியே வரும். அந்தக் கீ நூற்றுக்கு ஒன்று சரிவு உள்ளது, கொஞ்சம் அசைந்தாலே விட்டுவிடும்.

அப்புறமும் வராவிட்டால், டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஷாஃப்ட் ஓரத்தில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் புல்லர் (புல்லியை இழுத்துக் கழற்றும் கருவி) போடும்போது அதன் கைகள் நடுக் குடத்தை, அதாவது ஷாஃப்ட் நுழையும் தடித்த நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும், விளிம்பை அல்ல. புல்லரை முறுக்கி நிறுத்திவிட்டு, ஊறிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, குடத்தை மட்டும் சுற்றிலும் ப்ளோ லாம்ப்பால் சூடாக்கி, ஷாஃப்ட் நுனியில் ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் டப் என்று விடும். டேப்பர் லாக் புஷ் (ஷாஃப்ட்டைக் கவ்வும் சரிவான உறை) உள்ள புதிய வகை என்றால் இவ்வளவும் வேண்டாம். இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, ஒன்றை மூன்றாவது ஓட்டையில் முறுக்கினால் புஷ் தானே கழன்றுகொள்ளும்.

"வெள்ளத்துல மூழ்கின மெஷின். புல்லி மட்டும் தொடைச்சா போதுமா?"

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை மீறியபோது இந்தக் கேள்வி அதிகம் வந்தது. வண்டல் காய்வதற்குள் நல்ல தண்ணீரில் பீச்சிக் கழுவி, அந்த வாரத்துக்குள்ளேயே புல்லியைக் கழற்றிவிடுங்கள். ஒரு மழைக்காலம் அப்படியே விட்டால் ஷாஃப்ட்டும் குடமும் துருவால் ஒட்டிக்கொள்ளும், பிறகு முன் பதிலில் சொன்ன எதுவும் எளிதில் வேலை செய்யாது. பள்ளச் சுவரில் மேலாக உள்ள துருவை எமரியால் எடுத்தால் போதும். நகத்தில் தட்டுப்படும் அளவு குழி விழுந்திருந்தால் கடைசல்தான். ஊறி உப்பிய பெல்ட்டை எறிந்துவிடுங்கள். பேரிங்கை விட்டுவிட்டுப் புல்லியை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

"பள்ளத்தை லேத்ல மறுபடி கடைசல் பிடிக்கலாமா? எவ்வளவு வரைக்கும்?"

பிடிக்கலாம், ஆனால் பலர் நினைப்பதைவிட அதிக இரும்பு போகும். சுவர் சரிவானது என்பதால், சுவரில் 0.8 மி.மீ. குழிவை எடுக்கப் பள்ளம் முழுவதையும் ஏறக்குறைய 2.5 மி.மீ. உள்ளே இறக்க வேண்டும். அதாவது விட்டத்தில் 5 மி.மீ. குறையும். வெளி விளிம்பையும் அதே அளவு கடைந்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் பள்ளத்துக்குள் மூழ்கித்தான் உட்காரும். இதெல்லாம் முடிந்த பிறகு பள்ளத்தின் அடிக்குக் கீழே பி பெல்ட்டுக்கு 8 மி.மீ. இரும்பாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்று முன்பே தெரிந்தால் லேத் கூலியை வீணாக்காதீர்கள்.

லேத்தில் சொல்ல வேண்டியவை: ஷாஃப்ட் ஓட்டை ஆடினால் அதை முதலில் சரிசெய்து, அந்த ஓட்டையில் மாண்ட்ரல் (இறுக்கமாக நுழையும் தண்டு) போட்டு இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்துப் பள்ளம் கடைய வேண்டும். வெளி விளிம்பைச் சக்கில் பிடித்துக் கடைந்தால், தேய்ந்த விளிம்பின் கோணல் அப்படியே பள்ளத்துக்கு ஏறும். காம்பவுண்ட் ஸ்லைடை அரைக் கோணத்துக்குத் திருப்பி (34-க்கு 17, 38-க்கு 19 டிகிரி) ஒவ்வொரு சுவராக எடுப்பது, பள்ள வடிவிலேயே தீட்டிய ஃபார்ம் டூலை ஒரேயடியாகக் குத்துவதைவிடச் சுத்தமாக வரும். அகலமான டூல் அதிர்ந்து சுவரில் அலை விழும். வார்ப்பு இரும்பைத் தண்ணீர் விடாமல் உலர்வாகவே கடைவார்கள். 400 மி.மீ. புல்லிக்கு கார்பைடு டூலோடு 40 சுற்று போதும். சின்ன லேத்தில் அவ்வளவு குறைந்த வேகம் இருக்காது, அதனால் பெரிய புல்லியைப் பெரிய பெட் உள்ள பட்டறைக்கே எடுத்துப் போங்கள். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் விசாரிக்கலாம்.

சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் பிடிக்கும் என்று சிலர் வேண்டுமென்றே விடுகிறார்கள். அது பிடிப்பதில்லை, பெல்ட்டை ராவுகிறது.

"விட்டம் குறைஞ்சா ஸ்பீடு மாறிடாதா?"

மாறும். மோட்டார் சுற்றை மோட்டார் புல்லி விட்டத்தால் பெருக்கி, மில் புல்லி விட்டத்தால் வகுத்தால் மில்லின் சுற்று கிடைக்கும். 1440 × 125 ÷ 400 = 450. மோட்டார் புல்லியை 5 மி.மீ. கடைந்து 120 ஆக்கினால் மில் 432 சுற்றுக்கு இறங்கும். நூற்றுக்கு நான்கு குறைவு, மாவு நைசில் தெரியும். மில் புல்லியை 395 ஆக்கினால் 456, யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அதனால் எங்கள் பரிந்துரை: மோட்டார் புல்லியைப் புதிதாக வாங்கிவிடுங்கள், பெரிய புல்லியைக் கடையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. பி பெல்ட்டுக்கு 125-க்குக் குறைந்த புல்லி ஆகாது. அதைவிடச் சின்ன வளைவில் பெல்ட் முறிந்து முறிந்து உள்பக்கம் வெடிக்கும்.

"நாலு பள்ளத்துல ஒண்ணுதான் தேஞ்சிருக்கு. அதை மட்டும் கடைஞ்சா போதாதா?"

போதாது. ஒரு பள்ளத்தின் விட்டம் மட்டும் 2 மி.மீ. குறைந்தால், அந்த பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் மற்றதைவிட 6.3 மி.மீ. பின்தங்கும். 1440 சுற்றில் நிமிடத்துக்கு 9 மீட்டர் வழுக்கல். வழுக்கும் பெல்ட் சூடேறிப் பக்கம் கண்ணாடி மாதிரி ஆகும், மீதி மூன்றும் நான்கின் பாரத்தைச் சுமக்கும். நான்கையும் ஒரே ஆழத்துக்குக் கடையுங்கள். பி பள்ளங்களின் நடுவுக்கு நடு இடைவெளி 19 மி.மீ., அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் தேய்ந்ததற்குக் காரணமும் தேட வேண்டும். அநேகமாக நாலில் அறுந்த ஒரு பெல்ட்டை மட்டும் மாற்றியிருப்பீர்கள். பழைய மூன்றும் நீண்டிருக்கும், புதியது மட்டும் இறுக்கமாக நின்று முழுப் பாரத்தையும் வாங்கும். மாற்றினால் நாலையும் ஒரே கம்பெனி, ஒரே செட்டாக மாற்றுங்கள்.

"ஷாஃப்ட் ஓட்டை பெரிசாகி புல்லி ஆடுது. தகடு சுத்தி வைக்கலாமா?"

புதுச்சேரியில் இதற்குப் பீர் டின் தகடு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, அதனால் எல்லா ஷாஃப்ட்டிலும் அது இருக்கிறது. 0.1 மி.மீ. அளவு அலுமினியம். அன்றைய அரவையை முடிக்க உதவும். பாரம் ஏற ஏறத் தகடு நசுங்கி ஒரு பக்கம் ஒதுங்கும், புல்லி மறுபடி கோணலாகச் சுற்றும், ஓட்டை முட்டை வடிவமாகும்.

சரியான வழி, பெரிதான ஓட்டைக்குள் புஷ் (உறை) போடுவது. ஷாஃப்ட் 38 மி.மீ., குடத்தின் வெளி விட்டம் 80 என்று வையுங்கள். குடத்தை 54.00-க்குப் போர் செய்து, 54.04 வெளி விட்டத்தில் வார்ப்பு இரும்புப் புஷ் ஒன்று கடையுங்கள், உள் விட்டத்தை 37.5-இலேயே விட்டுவிடுங்கள். புல்லிக் குடத்தைச் சுற்றிலும் நிதானமாகச் சூடாக்குங்கள். சால்டரிங் ஈயக் கம்பி தொட்டதும் உருகினால் சூடு 185 டிகிரிக்கு வந்துவிட்டது. அந்தச் சூட்டில் ஓட்டை 0.09 மி.மீ. அளவு விரியும், புஷ் கையாலேயே இறங்கும். இறங்கும்போது தயங்கினால் பாதியில் நின்றுவிடும், அதனால் நேராகப் பிடித்து ஒரே மூச்சில் இறக்க ஆள் வேண்டும். ஆறிய பிறகு உள் ஓட்டையை ஷாஃப்ட்டுக்குத் தக்கபடி 38.00-இலிருந்து 38.02-க்குள் போர் செய்யுங்கள். முதலிலேயே 38 கடைந்து அடித்தால் இறுக்கத்தில் ஓட்டை சுருங்கி ஷாஃப்ட் போகாது. ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும், இந்த வேலைக்கு வெர்னியர் போதாது.

புஷ் சுவர் 8 மி.மீ. வருமாறு சொன்னதற்குக் காரணம் கீவே, அதாவது கீ உட்காரும் வெட்டு. 38 ஷாஃப்ட்டுக்குக் கீ 10 × 8. புல்லிப் பக்கம் 3.3 மி.மீ. ஆழம் வெட்ட வேண்டும், பிறகும் 4.7 மிஞ்சும். 3 மி.மீ. சுவருள்ள மெல்லிய புஷ் கீவே வெட்டியதும் இரண்டாகப் பிளந்துவிடும். புஷ் குடத்துக்குள் சுழலாமலிருக்க, இரண்டும் சேரும் கோட்டில் முகப்பிலிருந்து துளையிட்டு எட்டு மில்லி கிரப் ஸ்க்ரூ இரண்டு போட்டுப் பஞ்ச் அடித்துவிடுங்கள். புஷ்ஷும் குடமும் ஒரே உலோகமாக இருந்தால் டிரில் நேராக இறங்கும். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) புஷ் என்றால் டிரில் மிருதுவான பக்கம் ஓடிவிடும்.

"கீவே அகலமாயிடுச்சு. கீயை வெல்டிங் வெச்சிடவா?"

வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. தேய்மானம் புல்லியில் மட்டும் என்றால், பழைய கீவேயை விட்டுவிட்டு 90 டிகிரி தள்ளிப் புதிதாக ஸ்லாட்டிங் அடிக்கலாம். ஷாஃப்ட்டும் புல்லியும் வேறு வேறு அளவு தேய்ந்திருந்தால் படி வைத்த கீ கடைந்து போடுவார்கள், கீழ்ப்பாதி ஷாஃப்ட் அகலம், மேல்பாதி புல்லி அகலம். அளவுகள்: 22 முதல் 30 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 8 × 7, 30 முதல் 38 வரை 10 × 8, 38 முதல் 44 வரை 12 × 8. கீ பக்கவாட்டில் இறுக்கமாக இருக்க வேண்டும். பக்கம் லூசாக வைத்து மேலே கிரப் ஸ்க்ரூவை மட்டும் நம்பினால், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் கீ ஒரு இடி இடிக்கும். கீவே அகலமானதே அப்படித்தான்.

"தேஞ்சது ஷாஃப்ட்டா இருந்தா?"

லேசான தேய்மானம் என்றால் ஷாஃப்ட்டை வட்டமாகும் வரை கடைந்து சின்னதாக்கி, மேலே சொன்ன புஷ்ஷின் உள் ஓட்டையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். செலவு குறைந்த வழி இதுதான். ஆழமாகப் போயிருந்தால் வெல்டிங்கில் ஏற்றிக் கடையலாம். ஒரே பக்கமாக ஏற்றினால் ஷாஃப்ட் வளையும், எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி வரி போட வேண்டும். பேரிங் உட்காரும் இடத்துக்கு அருகில் என்றால் ஷாஃப்ட்டையே புதிதாகப் போடுங்கள்.

"புல்லியில விரிசல். காஸ்ட் அயர்ன் ராடு வெச்சு வெல்டிங் பண்ணிக் கொடுக்கிறாங்களே?"

முதலில் விரிசலா என்று பாருங்கள். கயிற்றில் தொங்கவிட்டு மெதுவாகத் தட்டினால் நல்ல புல்லி கணீரென்று ஒலிக்கும், விரிந்தது மொத்தென்று கேட்கும். விளிம்பிலோ ஆரக்காலிலோ விரிசல் என்றால் பழைய இரும்புக்குப் போடுங்கள். நிக்கல் ராடு வைத்து, முன்சூடு கொடுத்து, ஓரங்குல வரியாகப் போட்டு, சாம்பலில் புதைத்து ஆறவிட்டாலும் வெல்டிங் ஓரத்தில் இரும்பு கெட்டியாகி அங்கேயே மறுபடி விடும். நம் உதாரணப் புல்லியின் விளிம்பு நொடிக்கு 9 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்த துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விதிவிலக்கு குடத்தின் விரிசல். குடத்தின் வெளிப்புறத்தைக் கடைந்து, அதைவிட 0.06 முதல் 0.08 மி.மீ. சின்னதாக எம்.எஸ். வளையம் செய்து சூடாக்கி ஏற்றினால், ஆறும்போது விரிசலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றுவது போலத்தான்.

"எம்சீல், லாக்டைட் எதுவும் வேலைக்கு ஆகாதா?"

பள்ளத்தில் எதையும் பூசக் கூடாது. பெல்ட் சூட்டில் உரிந்து வரும். ஓட்டைத் தேய்மானத்துக்கு எம்சீல் பயனில்லை. லாக்டைட் 638 போன்ற ரிடெய்னிங் திரவம் 0.25 மி.மீ. வரை இடைவெளியை நிரப்பும். ஷாஃப்ட், ஓட்டை இரண்டிலும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, கீயும் ஒழுங்காக இருந்தால், சின்ன ஆட்டத்துக்கு அது நல்ல தீர்வு. கழற்றும்போது நன்றாகச் சூடாக்கினால்தான் விடும் என்பதை மெஷினில் எழுதி வையுங்கள், அடுத்து வருகிற மெக்கானிக் சுத்தியலை எடுக்காமல் இருப்பார்.

"இவ்வளவு பாடுபடுறதுக்குப் புதுசே வாங்கிடலாமே?"

200 மி.மீ.க்குக் கீழே பெரும்பாலும் ஆமாம். பெரிய, பல பள்ளப் புல்லிக்குக் கடைசல் லாபம். ஆனால் பழைய மெஷினில் ஒரு சிக்கல் காத்திருக்கும்: ஷாஃப்ட் அங்குல அளவில் இருக்கலாம். ஒன்றரை அங்குலம் 38.1 மி.மீ.; 38 போர் செய்த புல்லி ஏறாது. ஒன்றேகால் அங்குலம் 31.75, அதில் 32 போர் புல்லியை மாட்டினால் முதல் நாளே கால் மில்லி ஆட்டம். ரஃப் போர் புல்லியாக (ஓட்டை இறுதி அளவுக்குக் குடையாதது) வாங்கி, ஷாஃப்ட்டை அளந்து போர் செய்யுங்கள். டேப்பர் லாக் எடுத்தாலும் அங்குல புஷ் என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தப் புஷ்ஷைத் துளி எண்ணெய், கிரீஸ் இல்லாமல் மாட்டுங்கள். எண்ணெயோடு இறுக்கினால் ஸ்க்ரூ அளவுக்கு மேல் இழுத்துக் குடத்தையே பிளக்கும்.

"மாட்டும்போது நேரா இருக்கா, டைட் சரியான்னு எப்படிப் பார்க்கிறது?"

மெல்லிய நைலான் நூலை இரண்டு புல்லியின் முகப்பிலும் குறுக்கே இழுத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு புல்லியிலும் இரண்டு ஓரம், மொத்தம் நான்கு இடத்திலும் நூல் தொட வேண்டும். விளிம்பின் அகலம் இரண்டுக்கும் வேறு என்றால் அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கு 8 மி.மீ. கோணல் என்பது கடைசி எல்லை. 3 மி.மீ.க்குள் வைத்தால் பள்ளத்தின் ஒரே சுவர் தேய்வது நிற்கும்.

டைட் பார்க்க, இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட் எதையும் தொடாமல் ஓடும் நீளத்தை அளந்து, மீட்டருக்கு 16 மி.மீ. கணக்கு வையுங்கள். 800 மி.மீ. என்றால் 13 மி.மீ. துறைமுகத்தில் மீன் நிறுக்கிற ஸ்ப்ரிங் தராசின் கொக்கியைப் பெல்ட்டின் நடுவில் மாட்டி, அவ்வளவு தூரம் இழுக்க எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பி பெல்ட் ஒன்றுக்கு 2 முதல் 3 கிலோ சரியானது. புதுப் பெல்ட் என்றால் கொஞ்சம் கூடுதலாக வைத்து, அரை மணி நேரம் ஓட்டி, மறுபடி பாருங்கள். அடுத்த நாளும் ஒரு தடவை. மோட்டாரை மில் பக்கம் நகர்த்தாமல் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பெல்ட்டை ஏற்றினால் உள்ளே நூல் அறுந்து, முதல் வாரத்திலேயே பெல்ட் புரளும்.

"எல்லாம் பண்ணியாச்சு, இப்போ மெஷின் அதிருது."

பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் மோட்டார் புல்லி, இல்லாவிட்டால் மில் பக்கம். டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் வட்டம் தவறியிருப்பது தெரியும், விளிம்பில் 0.2 மி.மீ.க்குமேல் ஓடினால் ஓட்டைக்கும் பள்ளத்துக்கும் மையம் பொருந்தவில்லை, கடைசலில் சொன்ன வரிசையை யாரோ மாற்றியிருக்கிறார்கள். வட்டம் சரியாக இருந்தால் எடைதான். புல்லியை மாண்ட்ரலில் மாட்டி, மட்டம் பார்த்த இரண்டு நேர்ப் பட்டைகள் மேல் உருளவிடுங்கள். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கம் விளிம்பின் உட்புறத்தில் ஆழமில்லாத துளைகள் போட்டு, எங்கு விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை குறைக்க வேண்டும்.

"எங்களுது பழைய தட்டைப் பெல்ட். பெல்ட் நழுவி வெளியே ஓடிடுது."

தட்டைப் புல்லியின் நடுவில் லேசான முதுகு இருக்க வேண்டும். பெல்ட் எப்போதும் உயரமான இடத்தை நோக்கித்தான் ஏறும். அந்த முதுகு தேய்ந்து தட்டையானால் பெல்ட்டுக்கு நிலையான இடம் இருக்காது. 400 மி.மீ. புல்லிக்கு நடு, ஓரத்தைவிட 1 மி.மீ. உயரமாக இருந்தால் போதும். அதிகம் வைத்தால் பெல்ட்டின் நடு மட்டும் இழுத்து நீளும். நழுவுகிறதே என்று விளிம்பில் தகடு வெல்டு செய்பவர்கள் இருக்கிறார்கள், பெல்ட் ஓரம் கிழிந்துபோவதுதான் மிச்சம்.

பக்கத்தில் சும்மா சுற்றும் லூஸ் புல்லி இருந்தால் அதன் கன்மெட்டல் புஷ்ஷையும் பாருங்கள். 40 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 0.05 முதல் 0.08 மி.மீ. இடைவெளி, தினமும் எண்ணெய். அது ஆடினால் பெல்ட் தானாக மெஷினை ஓட்டும் புல்லிக்குத் தாவி மெஷின் திடீரென்று கிளம்பிவிடும். கை போவது இப்படித்தான்.

"வழுக்கினா குங்கிலியப் பொடி தூவலாமா?"

வி பெல்ட்டுக்குக் கூடாது. பிசுபிசுப்பில் தூசி ஒட்டிப் பள்ளத்தில் கெட்டியாகும், முன்பு சொன்ன அரைப்பு இன்னும் வேகமாகும். எண்ணெய் பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். தோல் பெல்ட்டுக்கு அதற்கென்று விற்கும் டிரெஸ்ஸிங்கைக் கொஞ்சமாக, மெஷின் நின்றிருக்கும்போது போடலாம்.

"சீசன் முடிஞ்சா ஆறு மாசம் சும்மா நிக்கும். திறக்கும்போது புல்லி துரு. என்ன பண்றது?"

நிறுத்தும் அன்றே பெல்ட்டைக் கழற்றி, வளைந்து மடியாமல் அகலமான கட்டையில் தொங்கவிடுங்கள். ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிப்பு விழும். புல்லிப் பள்ளத்தைத் துடைத்து கிரீஸ் மெல்லியதாகப் பூசி, ஒரு சாக்கால் சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வேர்த்து நிற்கும். பெல்ட் படாத ஆரக்காலுக்கும் குடத்துக்கும் ரெட் ஆக்ஸைடு அடிக்கலாம், பள்ளச் சுவரில் மட்டும் பெயின்ட் படக் கூடாது. சீசன் தொடங்கும்போது மண்ணெண்ணெயில் கிரீஸை முழுதும் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, துணியில் கறை வராத பிறகே பெல்ட்டை மாட்டுங்கள்.